பாஞ்சு கருவாலி

பாஞ்சு கருவாலி அல்லது பாஞ்சு ஓக் என்பது இமயமலைச் சரிவுகளில் இயல்பாக வளரும் பசுமைமாறா மரமாகும். இது பாகேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் அறிவியற் பெயர் குவெர்க்கசு லியூக்கோட்ரைக்கோபோரா. பின்சொல்லுக்கு 'வெண்மயிர் தாங்கியது' என்பது பொருள். இலையைத் திருப்பிப் பார்த்தால் காரணம் விளங்கும்: மேற்புறம் கரும்பச்சையாகவும் அடிப்புறம் வெண்ணிறத் துய்யுடனும் இருக்கும். இலை விளிம்பு பற்கள் கொண்டது.

வளரிடம்

உத்தராகண்டம், இமாச்சலப் பிரதேசம், நேபாளம் ஆகிய இடங்களில் ஏறத்தாழ 1,500 முதல் 2,300 மீட்டர் வரையிலான உயரத்தில் மிகுதியாகக் காணப்படுகின்றது. ஈரமும் இலைமக்கும் நிறைந்த, வெயில் குறைந்த வடக்குச் சரிவுகளில் செழித்து வளரும். கொட்டை உலர்ந்துவிட்டால் முளைக்கும் திறனை இழந்துவிடும். ஆகவே விதையை நெடுநாள் சேமித்து வைத்து நடுவது கடினம்.

பயன்பாடும் அச்சுறுத்தலும்

இதன் தழை கால்நடைகளுக்குத் தீவனமாகின்றது. மரம் விறகுக்கும் உழவுக் கருவிகள் செய்வதற்கும் பயன்படுகின்றது. தழைக்காகக் கிளைகளைத் தொடர்ந்து வெட்டுவதால் கொட்டை உற்பத்தி குறைவதோடு, காட்டினுள் வெயிலும் புகுகின்றது. அவ்விடங்களில் வெயிலை விரும்பும் சிர் பைன் மரம் பரவுகின்றது. பைனின் உலர்ந்த ஊசியிலைகள் எளிதில் தீப்பற்றும். தடித்த பட்டையால் பைன் தப்பிக்க, பாஞ்சு நாற்றுகள் கருகிவிடுகின்றன. பாஞ்சுக் காட்டின் இலைமக்கு மழைநீரைப் பிடித்து வைக்கின்றது. இம்மரம் அழிந்தால் ஊற்றுகளும் வற்றும் என்பது அங்குள்ள மலைவாழ் மக்களின் கருத்து.