பிளாக் பை பிளாக்

பூங்கா, திடல், கடற்கரை போன்ற பொது இடங்களின் வடிவமைப்பில் இளைஞரையும் அப்பகுதி மக்களையும் ஈடுபடுத்தும் திட்டம். ஐ.நா. வாழ்விட அமைப்பும், மைன்கிராஃப்ட் கணினி விளையாட்டை உருவாக்கிய சுவீடன் நிறுவனமான மோஜாங்கும் இதை 2012-இல் தொடங்கின.

சீரமைக்க வேண்டிய இடத்தின் மாதிரி முதலில் விளையாட்டுக்குள் கட்டப்படும். பங்கேற்போர் அந்த இடத்தை நேரில் நடந்து பார்ப்பர். பிறகு சிறு குழுக்களாகக் கணினி முன் அமர்ந்து விளக்கு, நிழல்மரம், நடைபாதை எங்கே வேண்டும் என விளையாட்டின் கட்டைகளை அடுக்கிக் காட்டுவர். தங்கள் யோசனைகளை அதிகாரிகளிடம் தாங்களே விளக்குவர்; இதுவே திட்டத்தின் உயிர்நாடி. கட்டடக்கலைஞரின் இறுதி வரைபடம் அதற்குப் பின்னரே உருவாகும்.

நைரோபியின் கிபேரா குடியிருப்பில் உள்ள விளையாட்டுத் திடல் ஒன்றின் சீரமைப்பு தொடக்ககாலப் பணிகளில் அடங்கும். ஹெய்ட்டியின் லே காயே நகரில் எழுதப் படிக்கத் தெரியாத மீனவர்களும் கடற்கரைக்கான யோசனைகளை இம்முறையில் வடித்தனர்.