எந்திரம் கேட்ட தமிழ் – அத்தியாயம் 14: இரவல் கால்கள்

சென்ற வாரம் முத்தையா அண்ணாமலையை ஒரு கிளைச்சாலையில் நிறுத்திவிட்டு வந்தோம். ஆண்டு 2007. தமிழ்ப் பிள்ளைகள் தமிழிலேயே நிரல் எழுத அவர் உருவாக்க முனைந்த மொழி, பெயர் 'எழில்'. 'பதிப்பி' என்றால் திரையில் எழுத்து வரவேண்டும், 'முடி' என்றால் கட்டளைத் தொகுதி முடியவேண்டும். எந்திரத்துக்கு அதை யார் எடுத்துச் சொல்வது?

ஒரு சாலை, பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி 1972 வாக்கில் உருவாக்கிய சி மொழி போன சாலை. கம்பைலர் நிரல் முழுவதையும் முன்கூட்டியே எந்திரக் கட்டளையாக்கி வைத்துவிடும். முத்தாண்டிக்குப்பம் பக்கத்து முந்திரியை உடைத்து, தோல் நீக்கி, பருப்பாகவே டப்பாவில் அடைத்துத் தருவதுபோல. இன்னொரு சாலை இன்டர்பிரட்டர்; அதுவோ கொட்டையைக் கையில் கொடுத்து, தின்கிற நேரத்தில் உடைத்துக்கொள் என்கிறது. தாமதந்தான். ஆனால் விண்டோஸுக்கென்று உடைத்த பருப்பு லினக்ஸில் வேகாதே!

இது ஏட்டுச் சிக்கல் அல்ல. 2011 முதல் தமிழக அரசு பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. ஒரே பெட்டிக்குள் இரண்டு ஊர்.

அண்ணாமலை இன்டர்பிரட்டர் பக்கம் திரும்பினார். அதையும் பைத்தானில் எழுதினார். பைத்தானே ஓர் இன்டர்பிரட்டர், அது எழுதப்பட்டிருப்பதோ சி-யில்! ஆக, எழிலில் ஒரு வரி எழுதினால், அது முதலில் சொல் சொல்லாகப் பிரிந்து மரமாகும். மரத்தின் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பைத்தான் செயல் ஓடும். அந்தச் செயல் பைட்கோடு என்னும் இடைநிலைக் கட்டளையாகி, கடைசியில் சி-யில் எழுதிய எந்திரத்திடம் போய்ச் சேரும். கம்பைல் செய்த நிரலில் ஒன்றிரண்டு கட்டளையில் முடிகிற கூட்டலுக்கு இங்கே எத்தனை கைமாற்றம்!

தன்னையே அழைத்துக்கொள்ளும் நிரல்பாகம் எழுதினால் இன்னொரு சுவர். பைத்தான் வழக்கமாக ஆயிரம் அடுக்குக்கு மேல் இறங்க விடாது. எழிலின் ஓர் அழைப்பே பைத்தானில் பல அடுக்குகளைத் தின்றுவிடும் என்பதால், பிள்ளை எண்ணியதற்கு வெகு முன்பே தரை தட்டும்.

இருந்தும் அந்தத் தேர்வு சரி என்பதே என் கட்சி. பத்து வரை கூட்டிப் பார்க்கும் பிள்ளைக்கு நொடியில் லட்சத்தில் ஒரு பங்கை மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது? பைத்தான் இருக்கும் கணினியிலெல்லாம் எழில் ஓடும் என்பதுதான் அங்கே பெரிய காரியம்.

பைத்தான் இருக்கும் கணினியில். எந்தப் பைத்தான்?

எழில் வேரூன்றியது பைத்தான் 2-இல். 2008 டிசம்பர் 3 அன்று பைத்தான் 3.0 வெளியானது. பழைய நிரல்கள் பல இதில் அப்படியே ஓடாது என்று ஆக்கியவர்களே அறிவித்துவிட்டார்கள். திரையில் எழுத்தைக் காட்டும் 'பிரின்ட்' கட்டளைகூடப் பழையபடி இல்லை. எழுத்துச் சரங்களைக் கையாளும் முறை அடியோடு மாறியிருந்தது. தமிழ் எழுத்தையே நம்பி எழுந்த மொழிக்கு அந்த மாற்றம் வரமா, இடியா?

(தொடரும்)