பட்டுச் சாயமும் சிறுநீரகச் சோதனையும்

ஆரணிப் பட்டு நெய்யும் தேசூர்ப் பக்கம் வந்தால், சாயம் தோய்த்த நூலைப் பார்த்த மாத்திரத்தில் "இன்னும் கொஞ்சம் ஏற வேண்டும்" என்று சொல்பவர்களைக் காணலாம். நிறத்தின் அழுத்தத்தைக் கொண்டு பொருளின் அளவை அறியும் இதே வழியில்தான் நம் சிறுநீரகத்தின் நிலையும் இரத்தச் சோதனையில் அறியப்படுகிறது. வியப்பாக இருக்கிறதல்லவா?

1771-இல் பீட்டர் உல்ஃப் என்பவர் அவுரி நீலத்தோடு நைட்ரிக் அமிலத்தைச் சேர்த்து ஒரு பொருளைப் பெற்றார். அது பட்டுக்கு மஞ்சள் நிறம் ஏற்றியது. அதுவே பிக்ரிக் அமிலம். காரக் கரைசலில் இவ்வமிலத்துடன் கிரியேட்டினின் சேர்ந்தால் செம்மஞ்சள் நிறம் தோன்றுவதை 1886-இல் ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் யாஃபே கண்டார். 1904-இல் ஆட்டோ ஃபோலின் அந்நிறத்தை நிறமானியால் அளந்து, சிறுநீரிலுள்ள கிரியேட்டினினைக் கணக்கிட்டார். பின்னர் இம்முறை இரத்தத்துக்கும் வந்தது. இன்றும் பல ஆய்வுக்கூடங்களில் இது வழக்கில் உள்ளது. கரைசலில் பொருள் மிகுந்தால் அது உட்கவரும் ஒளியும் மிகும் என்ற பீர் விதியே இதன் அடிப்படை.

சரி, கிரியேட்டினின் எங்கிருந்து வருகிறது? இதை விளக்க உதவியவர்களுள் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லப்பிரகடா சுப்பாராவ். 1895-இல் பீமவரத்தில் பிறந்தவர். கதர் அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளான அவருக்கு எம்.பி.பி.எஸ். கிட்டவில்லை, எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. அவர்தாம் 1927-இல் ஹார்வர்டில் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து, தசையின் ஆற்றல் சேமிப்பாகிய பாஸ்போகிரியேட்டினைக் கண்டறிந்தார். தசையிலுள்ள கிரியேட்டினும் பாஸ்போகிரியேட்டினும் நாள்தோறும் நூற்றில் ஏறத்தாழ இரண்டு பங்கு கிரியேட்டினினாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. சிறுநீரகம் அதை வடித்து வெளியேற்றுகிறது. வடிகட்டும் திறன் குறைந்தால் அது இரத்தத்தில் தேங்குகிறது.

பெரியவர்களுக்கு 100 மில்லிலிட்டரில் சுமார் 0.6 முதல் 1.2 மில்லிகிராம் வரை இயல்பான அளவு. ஆனால் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். வழக்கமாக 0.6 உள்ளவருக்கு வடிகட்டும் திறன் பாதியானால், அளவு இருமடங்காகி 1.2 ஆகும். சீட்டில் அதுவும் 'இயல்பு' என்றே இருக்கும்! தசை மெலிந்த முதியவருக்கும் எண் குறைவாகவே காட்டும். ஆகவேதான் மருத்துவர்கள் வயதையும் பாலையும் சேர்த்து வடிகட்டும் வீதத்தைக் கணக்கிடுகிறார்கள். சிறுநீரில் ஆல்புமின் கசிகிறதா என்றும் பார்க்கிறார்கள்.

நீரிழிவோ இரத்தக் கொதிப்போ உள்ளவர் உங்கள் வீட்டில் இருந்தால், ஆண்டுதோறும் இச்சோதனைகளைச் செய்யச் சொல்லுங்கள். பழைய சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். சாயக்காரர் இரண்டு நூல்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதுபோல, சென்ற ஆண்டின் எண்ணையும் இந்த ஆண்டின் எண்ணையும் அருகருகே வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.