சோழ ராஜாவைக் கைது செய்தது யார்?

1231 வாக்கில் நடந்த ஒரு விஷயத்திலிருந்து இன்னைக்கு ஆரம்பிப்போம். இடம், உளுந்தூர்ப்பேட்டைக்குப் பக்கத்தில் சேந்தமங்கலம். சென்னையிலிருந்து திருச்சிக்கு நைட் பஸ்ஸில் போகும்போது பாதித் தூக்கத்தில் அந்தப் பக்கமாகத்தான் கடந்து போயிருப்பீங்க. அங்கே ஒரு ராஜா சிறையில் இருந்தான். பெயர் மூன்றாம் ராஜராஜ சோழன். கடாரம் வரைக்கும் கப்பல் அனுப்பிய வம்சம்! சிறை வைத்தவன் வெளிநாட்டுப் படையெடுப்பாளன் இல்லை. சோழர்களுக்குக் கீழே இருந்த காடவர் குலத்துக் கோப்பெருஞ்சிங்கன்.

இது எப்படி நடந்தது?

சோழர் வீழ்ச்சி என்றதும் 'பாண்டியர் வந்தார்கள், முடிந்தது' என்று ஒரு வரியில் படித்திருப்போம். பாண்டியர் வந்தது உண்மைதான். ஆனால் அவர்கள் வந்த கோபத்துக்கு ஒரு பின்கதை இருக்கிறது. 1205 வாக்கில் மூன்றாம் குலோத்துங்கன் மதுரைக்குள் புகுந்தான். ஜெயித்ததோடு விடவில்லை, பாண்டியர்கள் முடிசூடிக்கொள்ளும் மண்டபத்தையே இடித்தான். போரில் தோற்றவன் மறந்துவிடலாம், வீட்டை இடித்தவனை மறப்பானா?

1216ல் மாறவர்மன் சுந்தர பாண்டியன் பதவிக்கு வந்தான். தஞ்சையும் உறையூரும் எரிந்தன. மாடமாளிகைகளை இடித்து, கழுதை பூட்டி உழுததாக அவனுடைய மெய்க்கீர்த்தியே பெருமையடித்துக்கொள்கிறது. இதில் ஒரு ஆச்சரியம் உண்டு. பட்டினப்பாலை பாடியதற்காக உருத்திரங்கண்ணனாருக்குக் கரிகாலன் கொடுத்த பதினாறு கால் மண்டபத்தை மட்டும் இடிக்காமல் விட்டான் என்று திருவெள்ளறைக் கல்வெட்டுப் பாட்டு சொல்கிறது. ஊரைக் கொளுத்தினவனுக்கும் ஒரு புலவன் மேல் மரியாதை! எனக்கு இந்த வரலாற்றிலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

பிறகு அவன் சோழ நாட்டைத் திருப்பிக் கொடுத்தான். ஹொய்சளர்கள் நடுவில் வந்ததும் ஒரு காரணம். ஆனால் 'சோணாடு வழங்கியருளிய' என்று அதையும் பட்டமாக்கிக்கொண்டான். உங்க சொத்தைப் பிடுங்கி, உங்களுக்கே தானமாகக் கொடுத்த மாதிரி.

பாண்டியன் ஒரு பக்கம் இருக்கட்டும், உள்ளே என்ன நடந்தது என்று பாருங்க. இங்கேதான் விஷயமே இருக்கிறது. சம்புவராயர், காடவராயர், மலையமான், வாணகோவரையர் இவங்கெல்லாம் சோழனுக்குக் கீழே இருந்த சிற்றரசர்கள். பேருக்கு முன்னால் ராஜா பெயரைச் சேர்த்து 'குலோத்துங்க சோழச் சம்புவராயன்' என்றெல்லாம் வைத்துக்கொள்வார்கள். கேட்க விசுவாசமாக இருக்கும். ஆனால் மூன்றாம் குலோத்துங்கன் காலத்திலேயே யாருக்கு யார் துணை, யாரோடு சேரக்கூடாது என்று இவர்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக் கல்லில் வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மேலே ஒரு ராஜா உறுதியாக இருந்தால் இதற்குத் தேவையே இருக்காது, இல்லையா? படையும் வரியும் இவர்கள் கை வழியாகத்தான் தஞ்சைப் பக்கம் போயாகணும். கை மூடிக்கொண்டால் ராஜாவிடம் என்ன மிஞ்சும்?

மிஞ்சியது என்னவென்று மூன்றாம் ராஜராஜன் கண்டுகொண்டான். பாண்டியனுக்குக் கட்ட வேண்டிய கப்பத்தை நிறுத்திவிட்டுப் போருக்குப் போனான், தோற்றான், வடக்கே ஓடினான். வழியில் கோப்பெருஞ்சிங்கன் பிடித்துக்கொண்டான். மீட்டது இரண்டாம் நரசிம்மனின் ஹொய்சளப் படை. அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் என்ற இரண்டு தளபதிகள் காடவர் ஊர்களை அழித்துக்கொண்டே சேந்தமங்கலத்தை நெருங்கினார்கள். கடைசியில் ராஜாவை விடுவித்தார்கள். கடலூர் பக்கம் திருவந்திபுரத்தில் இந்தக் கதை முழுக்கக் கல்வெட்டாக இருக்கிறது. நரசிம்மனுக்குக் கிடைத்த பட்டம், சோழ ராஜ்யத்தை நிலைநிறுத்தியவன்.

உதவிக்கு வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. சமயபுரத்துக்குப் பக்கத்தில் கண்ணனூரில், காவிரிக் கரையைப் பார்த்தபடி, ஹொய்சளர்கள் தலைநகரமே போட்டுக்கொண்டார்கள். அடுத்து வந்த மூன்றாம் ராஜேந்திரன் சும்மா இருக்கவில்லை. பாண்டியரை எதிர்த்து நின்று கொஞ்சம் தலைதூக்கினான். உடனே அதே ஹொய்சளர்கள் பாண்டியன் பக்கம் சாய்ந்தார்கள். சோழனும் வேண்டாம், பாண்டியனும் ரொம்ப வளர வேண்டாம், அவ்வளவுதான் கணக்கு.

அந்தக் கணக்கும் தப்பியது. 1251ல் வந்த சடையவர்மன் சுந்தர பாண்டியன் ஹொய்சளரைக் கண்ணனூரில் தோற்கடித்தான், சோழனைக் கப்பம் கட்ட வைத்தான், கோப்பெருஞ்சிங்கனையும் பணிய வைத்தான். 1279க்குப் பிறகு ராஜேந்திரன் பெயரில் கல்வெட்டு எதுவும் இல்லை. பெரிய கடைசிப் போர் என்று ஒன்றைக் காட்ட முடியாது. மதுரையில் அப்போது மாறவர்மன் குலசேகரன் ஆண்டுகொண்டிருந்தான். காவிரிக் கரைக் கோயில்களில் தானம் எழுதியவர்கள் அவன் ஆட்சியாண்டைப் போட ஆரம்பித்திருந்தார்கள்.