மதுரை நகரமைப்பு

மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலை நடுவாகக் கொண்டு, ஒன்றைச் சுற்றி ஒன்றாகச் சதுர வடிவில் செல்லும் வீதிகளால் ஆனது மதுரையின் பழைய நகர். கோயில் மதிலுக்குள் ஆடி வீதி. வெளியே வரிசையாகச் சித்திரை, ஆவணி மூல, மாசி, வெளி வீதிகள்.

தொடக்கம்: மதுரைக்காஞ்சி இந்நகரின் அகன்ற தெருக்களையும், நாளங்காடி, அல்லங்காடி என்ற பகல், இரவுச் சந்தைகளையும் விவரிக்கிறது. பரிபாடல் நகரைத் தாமரைப் பூவுக்கு ஒப்பிடுகிறது. சங்ககால மதுரை இன்றைய இடத்தில்தான் இருந்ததா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பாண்டியர் கோட்டையில் எஞ்சியதாகக் கருதப்படுவது, கோயிலுக்குக் கிழக்கே உள்ள விட்டவாசல்.

நாயக்கர் காலம்: விசுவநாத நாயக்கர் பழைய கோட்டையை இடித்துப் பெரிய கோட்டை எழுப்பினார் என்பது மரபு. அவர் பொறுப்பேற்ற ஆண்டாக 1529 பரவலாகச் சொல்லப்பட்டாலும் வேறு கணக்குகளும் உள்ளன. கோட்டையின் 72 கொத்தளங்களையும் 72 பாளையக்காரர்கள் காவல் காத்தனர் என்பர். சதுர வீதிகளை வகுத்தவர் இவரா, பாண்டியர் காலத்து அமைப்பை இவர் விரித்தாரா என்பது முடிவாகவில்லை. மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்பர். சித்திரைத் தேர் இன்றும் மாசி வீதிகளில்தான் ஓடுகிறது.

கோட்டை இடிப்பு: நகரின் வரலாற்றில் விரிவாக அறியப்படும் கட்டம் இது. 1834 முதல் 1847 வரை ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன் காலத்தில் கோட்டை மதில் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. பணி தொடங்கிய ஆண்டு 1837 என்பாரும், 1840-களின் தொடக்கம் என்பாரும் உளர். நோக்கம் இரண்டு: நெரிசலில் திணறிய ஊரை விரிவாக்குவது; நீர் தேங்கி நோய் பரப்பிய அகழியை ஒழிப்பது. அரசுச் செலவைக் குறைக்க ஒரு வழி கையாளப்பட்டது. மதிலின் ஒரு பகுதியை இடித்து அகழியை நிரப்புவோருக்கு அந்த நிலமே கிடைத்தது. அகழியும் மதிலும் இருந்த தடத்தில் வெளி வீதிகளும் அவற்றை ஒட்டிய வீதிகளும் உருவாயின. பணியை நடத்திய அளவையாளர் மாரட்டின் பெயர் கிழக்கிலும் தெற்கிலும், மேஸ்திரி பெருமாளின் பெயர் மேற்கிலும் வீதிப் பெயர்களாயின. ஆட்சியருக்கு வீதி கிடைக்கவில்லை. அவர் நினைவாக மாசி வீதிச் சந்திப்பில் விளக்குத்தூண் எழுந்தது. கோட்டையின் மேல வாசல் மட்டும் பெரியார் பேருந்து நிலையம் அருகே எஞ்சியுள்ளது.

மதில் இருந்த தடத்தையே சாலையாக்கும் முறை பிற நகரங்களிலும் பின்னர் நிகழ்ந்தது. வியன்னாவில் மதிலை அகற்றும் ஆணை 1857-இல் வந்தது. குவைத் நகரின் மதில் 1957-இல் இடிக்கப்பட்டு அத்தடத்தில் முதல் வட்டச்சாலை அமைந்தது. வாயில்கள் மட்டும் விட்டுவைக்கப்பட்டன.

பிற்காலம்: 1866-இல் நகராட்சி அமைந்தது, 1875-இல் ரயில் வந்தது. சென்னை மாகாண நகரங்களை 1914–15-இல் பார்வையிட்ட நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெட்டிஸ், பழைய தெருக்களை இடித்து அகலமாக்காமல், தேவையான இடத்தில் மட்டும் திருத்துவதை வலியுறுத்தினார். 1895-இல் முடிந்த பெரியாறு அணையின் நீர் கம்பம் பள்ளத்தாக்கு வழியே, நகரை ஒட்டி ஓடும் வைகையில் சேர்கிறது. நகர் ஆற்றின் வடகரையில் பரவியதற்கு இந்நீர் எவ்வளவு உதவியது என்பது தனி ஆய்வுக்குரியது.

அண்மைக் காலம்: 1971-இல் மாநகராட்சியானது. 2011 வரை வார்டுகள் 72. கொத்தளங்களின் எண்ணிக்கையோடு இது ஒத்துப்போனது தற்செயலாகலாம். பின்னர் 100 ஆயின. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் பெரியார் பேருந்து நிலையம் புதிதாகக் கட்டப்பட்டு 2021-இல் திறக்கப்பட்டது. திருமங்கலம்–ஒத்தக்கடை மெட்ரோ திட்டத்தில் பெரும்பகுதி உயர்மட்டப் பாதை. பழைய நகரை ஒட்டிய பகுதிக்கு மட்டும் சுரங்கப்பாதை வரையப்பட்டுள்ளது.