நிலம் ஒரு பட்டியலில், பள்ளி வேறொரு பட்டியலில்

அப்பா பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருந்தபோது ஒரு பச்சைக் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைவார். எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு இரண்டு வகுப்பறை வேண்டும். கல்வி அலுவலகத்தில், "நிலம் பள்ளி பேர்ல இல்லையே, எப்படிக் கட்டறது?" என்பார்கள். நில அலுவலகத்தில், "பள்ளிக்கூடமா? அது கல்வி அமைச்சோட வேலை." தோட்ட ஆபீசில் கிராணி, "துரை மேலிடத்தக் கேக்கணும்" என்பார்.

ஆளுக்கொரு சாக்கு என்றுதான் நினைத்திருந்தேன். மலேசிய அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையைப் படித்தபோதுதான் தெரிந்தது, அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. கல்வி, கூட்டரசுப் பட்டியலில் இருக்கிறது. நிலம், மாநிலப் பட்டியலில். இரண்டுக்கும் உரிய பொதுப் பட்டியல் ஒன்றும் உண்டு. அதில் இந்த இரண்டுமே இல்லை.

நிலம் ஏன் மாநிலத்திடம் நின்றது? 1946இல் வந்த மலாயன் யூனியன் சுல்தான்களின் அதிகாரத்தைப் பறிக்கப் பார்த்தது. மலாய்க்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். 1948இல் அது போய்க் கூட்டமைப்பு வந்தது. அந்தச் சூடு ஆறாத காலத்தில்தான், 1956இல், ரீட் ஆணையம் வேலையைத் தொடங்கியது. மண்ணை மாநிலங்களிடமிருந்து பிடுங்கும் துணிச்சல் அப்போது யாருக்கு வந்திருக்கும்? 1965இன் தேசிய நிலச் சட்டம் தீபகற்பம் முழுக்க ஒரே விதியைத் தந்தது. ஆனாலும் நிலத்தைத் துண்டாக்கவோ, விவசாய நிலத்தில் கட்டடம் எழுப்பவோ ஒப்புதல் தருவது மாநில அரசுதான்.

எங்கள் பள்ளியின் கதை அதற்கும் முந்தியது. 1923 தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. முதலாளி தன் நிலத்தின் ஓர் ஓரத்தில் கொட்டகை போட்டார். சுதந்திரத்துக்குப் பின் பாடத்திட்டமும் ஆசிரியர் சம்பளமும் கோலாலம்பூருக்குப் போயின. கொட்டகை நின்ற மண் மட்டும் முதலாளியிடமே தங்கிவிட்டது. 'பகுதி உதவி பெறும் பள்ளி' என்ற பெயர் இப்படி வந்ததுதான்.

நம் ஆட்கள் இதை அரசியல்வாதிகளின் துரோகக் கதையாகவே எழுதி வந்திருக்கிறார்கள். அதிலும் உண்மை உண்டு. ஆனால் நல்ல மனசுள்ள அமைச்சர் ஒருவர் வந்திருந்தாலும் மாநிலத்தையும் முதலாளியையும் தாண்டி ஒரு செங்கல் வைத்திருக்க முடியாது. தோட்டமே நிலம் தர முன்வந்தாலும், அந்தத் துண்டைப் பிரித்துக்கொடுக்க மாநிலம் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

தோட்டம் செம்பனைக்கு மாறியது, பிறகு வீடமைப்புக்கு விற்கப்பட்டது. கோப்பு இப்போது என்னிடம் இருக்கிறது. மூன்று அலுவலகங்களின் முத்திரையும் அதில் உண்டு. வகுப்பறைக்கான அனுமதிக் கடிதம் இல்லை.