நொட்டாங்கைத் துப்பாக்கி

ஸ்ரீரங்கத்தில் பிரசாதம் வாங்கும்போது ஞாபகமில்லாமல் இடது கையை நீட்டிப் பாருங்கள். புளியோதரைக்கு முன்னால் ஒரு முறைப்பு வரும். 'சோத்தாங்கையை நீட்டுப்பா!' என்று பின்னால் நிற்கிற மாமியும் சேர்ந்துகொள்வார்.

என் நண்பர் ஒருவருக்கு இது சின்ன வயதிலிருந்தே பழக்கம். உத்தர வீதியில் வளர்ந்தவர், பிறவி நொட்டாங்கைக்காரர். ஸ்லேட்டில் இடது கையால் 'அ' போட்டதற்காக ஸ்கேலால் முட்டியில் வாங்கியிருக்கிறார். விளைவு, இன்றைக்கும் எழுதுவது வலது கையால். எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். பந்து எறிவது, பல் தேய்ப்பது, ஆணி அடிப்பது எல்லாம் இடது.

ஐம்பதை நெருங்கும் வயதில் அவருக்குத் திடீரென்று துப்பாக்கி சுடும் ஆசை வந்துவிட்டது. 2022 ஜூலையில் மாநில அளவிலான துப்பாக்கி சுடும் போட்டிக்காக நடிகர் அஜித் திருச்சிக்கு வந்தபோது, கூட்டம் ரைஃபிள் கிளப்பைச் சுற்றி வளைத்ததே, அன்றைக்குப் பிடித்த ஆசை. ஒரு நாள் போன் செய்து கேட்டார்: "இடது கைக்காரன் சுடற மாதிரி போல்ட் வெச்ச வேட்டை ரைஃபிள் இருக்காமே? எதைப் பார்த்து வாங்கணும்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லேன்."

துப்பாக்கிக்கு ஏது இடது, வலது என்றுதான் முதலில் நினைத்தேன். விசாரித்தபோது தெரிந்தது, துப்பாக்கியைப் போல வலது கைக்குச் சலாம் போடுகிற கருவி உலகத்தில் குறைவு.

'போல்ட் ஆக்‌ஷன்' என்றால் வேறொன்றுமில்லை, நம் வீட்டுக் கதவின் தாழ்ப்பாள்தான். கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே தெறிக்கும். முன்னால் தள்ளி, கீழே அமுக்கினால் புதுத் தோட்டா உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். இந்தத் தாழ்ப்பாளைத் துப்பாக்கியில் பொருத்தி ஒரு ராணுவத்தையே நம்ப வைத்தவர் ஜெர்மானியரான டிரைசே. பிரஷ்ய ராணுவம் 1841-ல் அவருடைய துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. பிறகு மௌசர் வந்தார். ஸ்காட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ வந்தார். லீயின் போல்ட்டை வைத்து 1895-ல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்ததுதான் 'லீ என்ஃபீல்டு'. நம்மூர் போலீஸ்காரர்கள் பல காலம் தோளில் சுமந்த அதே 'த்ரீ நாட் த்ரீ'.

இவை எல்லாவற்றிலும் தாழ்ப்பாளின் கைப்பிடி வலது பக்கம். வலது தோளில் வைத்துச் சுடுகிறவருக்குச் சௌகரியம். இடது கை துப்பாக்கியைத் தாங்க, வலது கை விசையை விட்டு இரண்டு அங்குலம் நகர்ந்து போல்ட்டை இழுத்துவிட்டுத் திரும்பிவிடும். கண் குறியை விட்டு நகரவே வேண்டாம்.

நொட்டாங்கைக்காரர் என்ன செய்வார்? துப்பாக்கி இடது தோளில். விசையில் இருக்கும் இடது கையை எடுத்து, துப்பாக்கிக்கு மேலே தாண்டி, அந்தப் பக்கம் போய்க் கைப்பிடியைத் தேட வேண்டும். தலை நகரும், குறி கலையும். கூடு வெளியேறும் வாசலும் அவர் முகம் இருக்கிற பக்கமே. காட்டுப்பன்றி அதற்குள் அடுத்த தாலுகாவுக்குப் போயிருக்கும்!

இந்த ஓரவஞ்சனை போல்ட்டோடு ஆரம்பித்ததில்லை. சாட்சி வேண்டுமென்றால் திருச்சியிலேயே கிடைக்கும்.

1751-ல் மலைக்கோட்டையைச் சுற்றி முற்றுகை. கோட்டைக்குள்ளே முகமது அலி, அவருக்குத் துணையாக ஆங்கிலேயர்கள். வெளியே சந்தா சாகிப், அவருக்குத் துணையாக பிரெஞ்சுக்காரர்கள். மறு வருஷம் பிரெஞ்சுத் தளபதி ழாக் லா காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குப் பின்வாங்கி, கோயில் மதில்களையே கோட்டையாக்கிக்கொண்டார். 1752 ஜூனில் அங்கேயே சரணடைந்தார். சந்தா சாகிப்பின் தலை போனது. தென்னிந்தியா யாருக்கு என்ற வழக்கில் முதல் பெரிய தீர்ப்புகளில் ஒன்று நம் ரங்கநாதர் வாசலில்தான் எழுதப்பட்டது.

அந்தச் சண்டையில் சிப்பாய்கள் பிடித்திருந்தது சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. விசையை இழுத்தால் கல் இரும்பில் உரசி, சின்னக் கிண்ணத்திலிருக்கும் மருந்து 'புஸ்' என்று பற்றும். அந்தக் கிண்ணம் துப்பாக்கியின் வலது பக்கம். வலது தோளில் வைத்துச் சுட்டால் முகம் இடது பக்கம் இருக்கும், பொறி அந்தப் பக்கம் போய்விடும். இடது தோளில் வைத்தால் கன்னத்துக்குப் பக்கத்திலேயே தீபாவளி! அதோடு, வரிசையில் தோளோடு தோள் உரசி நிற்கிற படையில் ஒருவன் மட்டும் மாற்றிப் பிடித்தால் டிரில் கெட்டுப்போகும். ஆகவே எல்லாரும் வலது, பேச்சே கிடையாது. என் நண்பருக்கு ஸ்கேலால் விழுந்த அடிக்கும் அந்த டிரில் சார்ஜெண்டின் அதட்டலுக்கும் காரணம் ஒன்றே: வரிசை கலையக் கூடாது.

ராணுவத்தில் சரி, வேட்டைக்காரர்கள் என்ன செய்தார்கள்?

பணமிருந்தவர்கள் தப்பித்தார்கள். லண்டன் துப்பாக்கிக் கடைகளில் தையற்காரர் மாதிரி அளவெடுப்பார்கள். வலது தோள்காரருக்குக் கட்டையை லேசாக வெளிப்பக்கம் வளைத்தும், இடது தோள்காரருக்கு அதற்கு எதிர்ப்பக்கம் வளைத்தும் செய்து தருவார்கள். மகாராஜாக்கள் விரும்பி வாங்கிய இரட்டைக் குழல் ரைஃபிளில் போல்ட்டே கிடையாது. நடுவில் மடக்கித் தோட்டா போட வேண்டியதுதான். எந்தக் கையானால் என்ன? அப்புறம் அமெரிக்க 'லீவர்' ரைஃபிள். கௌபாய் படங்களில் பார்த்திருப்பீர்கள், விசைக்குக் கீழே இருக்கும் வளையத்தை ஆட்டினால் தோட்டா மாறும். வளையம் நடுவில் இருப்பதால் இரண்டு கைக்கும் நியாயம். ஜவளகிரி, தர்மபுரி பக்கத்துக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி அலைந்த கென்னத் ஆண்டர்சனின் கையில் இருந்தது இந்த ரகம்தான், .405 வின்செஸ்டர். ஜிம் கார்பெட்டோ போல்ட் பக்கம். 1907-ல் சம்பாவத் ஆட்கொல்லியைச் சுட்டதற்காக அவருக்குப் பரிசாகக் கிடைத்த .275 ரிக்பி, மௌசர் போல்ட் வைத்தது.

சாதாரண ஜனங்களுக்கு இடது கை போல்ட் ரைஃபிள் கடையில் கிடைக்க 1950-களின் கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் சாவேஜ் கம்பெனி 1958-ல் '110' என்ற மாடலைக் கொண்டுவந்து, அடுத்து அதன் இடது கை வடிவத்தையும் விற்பனைக்கு விட்டது. ரெமிங்டன் போன்ற மற்ற பெரிய கம்பெனிகள் பின்னால் வந்தன.

டிரைசேயிலிருந்து கணக்குப் போட்டால் நூற்றுச் சொச்சம் வருஷம். ஏன் இவ்வளவு தாமதம்? பி.காம். படித்தவனுக்கு இது சுலபமாகப் புரிகிற விஷயம். இடது கை ரைஃபிள் என்பது கைப்பிடியை மட்டும் மாற்றிப் பொருத்துவதில்லை. போல்ட், அது ஓடுகிற உடல், கூடு வெளியேறும் வாசல் எல்லாம் கண்ணாடிப் பிம்பமாக மாற வேண்டும். அதற்குத் தனி அச்சுகள், தனி இயந்திர அமைப்பு. பத்துப் பேரில் ஒருவருக்காக அந்தச் செலவை யார் செய்வார்? (எங்கள் அக்கவுண்டன்ஸி பேரேட்டில்கூட இடது பக்கம் பற்று, வலது பக்கம்தான் வரவு!)

சரி, நண்பரின் கேள்விக்கு வருவோம். எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில் கையைப் பார்க்காதீர்கள், கண்ணைப் பாருங்கள். இப்போதே செய்து பார்க்கலாம். இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களைச் சேர்த்து நடுவில் சின்ன முக்கோண ஓட்டை வருகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அதன் வழியாக எதிரில் தெரியும் கடிகாரத்தைப் பாருங்கள். இப்போது ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் முக்கோணத்துக்குள்ளேயே இருக்கிறதோ, அதுதான் உங்கள் எஜமானக் கண். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இடது கண்தான் எஜமான். அவர்களில் நிறையப் பேர் வலது கைக்காரர்கள்! குறி பார்ப்பது கண். அதனால் கையும் கண்ணும் வேறு வேறு கட்சியானால், பல பயிற்சியாளர்கள் கண்ணின் பக்கமே தோளை மாற்றச் சொல்கிறார்கள்.

இரண்டாவது, எப்படிச் சுடப்போகிறீர்கள்? நின்றபடியும் நடந்தபடியும் சுடுவதானால் இடது போல்ட் கட்டாயம் வேண்டும். படுத்துக்கொண்டு, துப்பாக்கியைத் தாங்கியில் வைத்துச் சுடுவதானால் கதை வேறு. இடது கை விசையிலேயே இருக்க, சும்மா இருக்கும் வலது கை போல்ட்டை இழுத்துவிடும். அப்போது சாதாரண ரைஃபிளே இடது கைக்காரருக்கு லாபம்!

மூன்றாவது, போல்ட்டை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. கூடு வெளியேறும் வாசல் இடது பக்கம் இருக்கிறதா, சேஃப்டி பட்டன் இடது கட்டைவிரலுக்கு எட்டுகிறதா, கன்னம் பதிகிற மேடு கட்டையின் வலது பக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வலது ரைஃபிளில் கைப்பிடியை மட்டும் இடது பக்கம் வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். வாசல் பழைய பக்கமே இருக்கும், தாழ்ப்பாளின் பலமும் சந்தேகமாகிவிடும்.

இதெல்லாம் அமெரிக்காவில் இருப்பவருக்கு. நம்மூரில்? முதல் விஷயம், வேட்டையே கிடையாது. 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் கதவைச் சாத்தியது, 1991-ல் வந்த திருத்தம் தாழ்ப்பாளையும் போட்டது. இரண்டாவது, வெளிநாட்டு ரைஃபிளைச் சாதாரண மனிதர் இறக்குமதி செய்ய முடியாது. போட்டிகளில் தகுதி பெற்ற வீரர்களுக்குத்தான் விலக்கு. லைசென்ஸ் எடுத்தால் கிடைப்பது மேற்கு வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையின் .315. அது லீ என்ஃபீல்டின் வாரிசு, போல்ட் வலது பக்கம்.

திருச்சியிலேயே ஒரு துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறதே என்பீர்கள். உண்டு. 1966-ல் ஆரம்பித்தது, 2021-ல் அரசு ஆயுதத் தொழிற்சாலைகளைக் கம்பெனிகளாகப் பிரித்தபோது புதுப் பெயருக்குக் கீழே போனது. அங்கே போல்ட் வைத்த ரைஃபிளும் உண்டு. ஆனால் அதன் பெயர் 'வித்வன்சக்', பதுங்குகுழிகளையும் ராணுவ வாகனங்களையும் உடைக்கிற ராட்சசன். 1,800 மீட்டர் தூரத்தில் இருப்பதை அடிக்கும். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நண்பர் உத்தர வீதியில் நடந்தால் நன்றாக இருக்காது.

கடைசியில் நண்பர் என்ன செய்தார்? காற்றுத் துப்பாக்கியில் ஆரம்பித்தார். அதில் இடது கைக்கென்றே வடித்த பிடியுடன் ஜெர்மன் கம்பெனிகள் செய்கின்றன. பத்து மீட்டரில் காகிதக் குறி. காயம் காகிதத்துக்கு மட்டும்.

முதல் நாள் முடித்துவிட்டுப் பேசினார். குரலில் ஏதோ மாறியிருந்தது. "சுட்டது சுமார்தான்டா. ஆனா கோச் வந்து, 'நீங்க லெஃப்ட்டா, அப்ப இந்தப் பக்கம் நில்லுங்க'ன்னு சாதாரணமா சொல்லிட்டுப் போயிட்டார். இத்தனை வயசுல, கையை மாத்துன்னு சொல்லாத முதல் வாத்தியார் அவர்தான்."

அர்ஜுனனுக்குப் பத்துப் பெயர்கள் உண்டு. அதில் ஒன்று 'சவ்யசாசி'. இடது கையாலும் அம்பு எய்பவன் என்று அர்த்தம். பார்த்தசாரதியே கீதையில் அவனை அந்தப் பெயர் சொல்லி ஒரு முறை கூப்பிடுகிறார். துரோணர் அந்தக் கையில் ஸ்கேலால் அடித்திருந்தால் அந்தப் பெயர் வந்திருக்குமா?

உங்கள் வீட்டுக் குழந்தை இடது கையால் பென்சிலை எடுத்தால், தயவுசெய்து விட்டுவிடுங்கள். பிரசாதத்துக்கு மட்டும் வலது கையை நீட்டச் சொல்லிக்கொடுங்கள். மாமிகளிடம் வம்பு வேண்டாம்!